கத்தரி படுவதற்கு முன்

1924-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில், ஹிந்து-முஸ்லிம் ஒற்றுமையை வேண்டி டில்லி மாநகரில் 21 நாள் உபவாசம் இருந்த மகாத்மா காந்தி, அந்த விரதம் முடிந்து மெல்ல மெல்லத் தேகபலம் பெற்றுக்கொண்டிருந்த நாட்களில், சாந்திநிகேதனத்து மாணவரான ஓர் இளைஞர் அவரைக் கண்டு தம் மனத்திலிருந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவற்றுள் ஒன்று, இயந்திரங்கள் அனைத்துக்குமே அவர் விரோதியா என்பது. தம் உடலே நுட்பமானதோர் இயந்திரம்தான், இராட்டையும் இயந்திரம்தான் என்று சொல்லிய காந்தியடிகள், தாம் எதிர்ப்பது இயந்திரத்தை அல்ல, அதன்மேல் மனிதருக்குப் பிடித்திருக்கும் மோகத்தையே என்று விளக்கிவிட்டு, தம் கண்டனத்துக்கு விலக்காக நிற்கத் தகுந்த ஒன்றையும் தாமாகவே எடுத்துக் காட்டினார். அந்த விலக்கு தையல் இயந்திரம். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் காணப் பொறாமல் சிங்கர் என்பவர் அன்பினால் இதனைச் செய்தார் என்பது அவர் கூறிய காரணம். காந்தியடிகளின் காரியதரிசி மகாதேவ தேசாய் எழுதி வைத்த இந்த சம்பாஷணை அவ்வாண்டு நவம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது.

சிங்கரின் ஜீவிய சரித்திரத்தைப் படித்தவர்கள் இந்த இடத்தில் புன்னகை செய்யாதிருக்க முடியாது. ஏனெனில் 1851-இல் காப்புரிமை பெற்ற அந்த ஐசக் மெரிட் சிங்கர், ஒருத்திக்கு மேற்பட்ட பெண்களோடு ஒரே காலத்தில் குடும்பம் நடத்தி, இருபதுக்கும் அதிகமான குழந்தைகளுக்குத் தகப்பனாக விளங்கிய மனிதர். ஆயினும் காந்தியடிகள் சொல்லிய கதையில் சரித்திரம் பிசகினாலும் தர்மம் பிசகவில்லை என்பது என் அபிப்பிராயம். கேள்வி கேட்ட இளைஞரும் நமக்கு அந்நியரல்லர். நெய்யாற்றின்கரையில் பிறந்த அந்த ஜி. ராமச்சந்திரனே பிற்காலத்தில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். அவர் விட்டுக்கொடுக்கவில்லை: தையல் இயந்திரம் வேண்டுமானால் அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே என்று மறுபடியும் கேட்க, அத்தகைய தொழிற்சாலைகள் அரசாங்கத்தின் உடைமையாக இருக்கலாம் என்று பதில் வந்தது.

டில்லியில் நிகழ்ந்த இந்த உரையாடல் வீட்டுத் தையலுக்கு ஓர் எல்லையை வகுத்துக் கொடுத்தது. தைக்கும் கருவி எங்கிருந்து வந்தாலும் பாதகமில்லை. தைக்கப்படும் துணி எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டே தீரவேண்டும். துணியைக் கீழே விரித்துக் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய இந்தக் கேள்விக்கு இன்று 'சுற்றுச்சூழலுக்கு உகந்த துணி' என்று புதுப்பெயர் வைத்து, அதனை நேற்று மேல்நாட்டில் பிறந்த நாகரிகம் போலப் பேசுகிறார்கள். கேள்வி பழையது, அதற்கு டில்லி நகரம் காலந்தோறும் கூறிய விடைகள்தாம் மாறி வந்திருக்கின்றன.

இயந்திரம் வருவதற்கு முந்திய டில்லியில் வீட்டில் உடை தைப்பது பெரிய வழக்கமாக இருந்ததில்லை. 1663-இல் டில்லியிலிருந்து கடிதம் எழுதிய பிரெஞ்சு வைத்தியர் பெர்னியர், கோட்டைக்குள் ஒரு கூடத்தில் பூவேலைக்காரர்கள், இன்னொன்றில் தட்டார்கள், பிறிதொன்றில் தையற்காரர்கள், வேறொன்றில் பட்டும் சரிகையும் மெல்லிய மஸ்லினும் நெய்கிறவர்கள் என்று பாதுஷாவின் கார்க்கானா என்ற தொழிற்கூடங்களை வர்ணித்திருக்கிறார். நகர மக்களுக்கோ, சாந்தினி சௌக்கின் கட்ரா என்ற கடைத்தொகுதிகளில் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுப்பதே சம்பிரதாயம். வீட்டுப் பெண்களின் ஊசி, கிழிசலுக்கு ஒட்டுப்போடவும், பழம்புடவைகளை அடுக்கித் தைக்கவும், ரஜாய் என்ற குளிர்காலப் போர்வைக்குப் பஞ்சடைத்து நூலோட்டவுமே பயன்பட்டது. பழைய துணி ஒரு முழம்கூட வீணாகாத அந்தச் சிக்கனத்துக்கு யாரும் விசேஷமான பெயர் சூட்டியதில்லை.

இயந்திரம் வந்த பிறகுதான் நிலைமை மாறிற்று, அது வந்த வழியும் விசித்திரமானது. 1889-இல் நிறுவப்பட்ட டில்லி கிளாத் மில்ஸைப் பெரும் ஸ்தாபனமாக வளர்த்த லாலா ஸ்ரீராம், 1930-களின் பிற்பகுதியில் கல்கத்தாவின் ஜெய் இஞ்சினீயரிங் தொழிற்சாலையைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். 'உஷா' என்ற பெயரோடு தேசமெங்கும் பரவிய தையல் இயந்திரம் அங்கே பிறந்தது. மில் துணிக்கு எதிராகக் கதர் வாங்கி வந்த குடும்பங்களும் அந்தக் கதரை ஒரு மில் முதலாளியின் இயந்திரத்தில்தான் தைத்தார்கள்! காந்தியடிகளின் விலக்கு அவர்களைக் காப்பாற்றியது.

1947-இல் டில்லி அகதிகளின் நகரமாயிற்று. மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடு வாசல் இழந்து வந்த ஸ்திரீகளுக்கு ஊசியும் நூலும் ஜீவனோபாயமாயின. ஹங்கேரியில் பிறந்து நேரு குடும்பத்தில் மருமகளாக வந்த ஃபோரி நேரு போன்றவர்கள் அவர்களுடைய கைவேலைகளை விற்பதற்குக் கடை வைத்தார்கள். கமலாதேவி சட்டோபாத்யாயர் முன்னின்று நடத்திய இந்தியக் கூட்டுறவு யூனியன், 1952-இல் காட்டேஜ் எம்போரியத்தின் பொறுப்பை ஏற்று, நாட்டின் நாலா திசையிலிருந்தும் கைத்தறித் துணிகளைத் தலைநகருக்கு வரவழைத்தது. அந்த 1947-இன் நவம்பரில்தான், டில்லியில் தங்கியிருந்த காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் பின்னப்பட்ட ஒரு லேஸ் துண்டை இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் விவாகத்துக்கு மவுண்ட்பேட்டன் வழியாக அனுப்பிவைத்தார். அதைக் கோவணம் என்று எண்ணிய பாட்டியார் ராணி மேரி முகம் சுளித்தாராம். அரண்மனைக்குச் சென்ற அந்தப் பரிசில் நூற்றவர் யார் என்ற விவரம் மட்டும்தான் விலைமதிப்பு. மற்றபடி அது சாதாரணப் பருத்தி.

1953-இல் பார்லிமெண்டு சட்டம் செய்து, மில் துணியில் கஜத்துக்கு 3 தம்பிடி வசூலித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட ஏற்பாடாயிற்று. ஒரு துணி மற்றொரு துணிக்கு இழைக்கும் நஷ்டத்துக்கு விலை போட்டு வசூலித்த அந்த முறையை இன்றைய பொருளாதார நிபுணர்கள் புதுக் கண்டுபிடிப்பாகப் பேசுவதைக் கேட்கும்போது, நமக்கு ஞாபகசக்தி குறைவு என்று தோன்றுகிறது. அதே பத்தாண்டில் திருநெல்வேலிச் சீமையின் பாப்பாங்குளத்து ஏகாம்பரநாதன் என்ற தமிழர் அமைத்த புதிய இராட்டை, அவர் பெயரின் இடைப்பகுதியையே தாங்கி 'அம்பர் சர்க்கா' என்று தேசமெங்கும் பிரசித்தமாகி, அதைப் பற்றி டில்லியில் விசாரணைக் கமிட்டிகள் கூடி விவாதிக்கும் அளவுக்குப் பெரிய விஷயமாயிற்று. கன்னாட் பிளேஸின் ரீகல் கட்டிடத்திலுள்ள கதர் பவனுக்குச் செல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

எங்கள் குடும்பம் டில்லியின் கரோல்பாகில் குடியிருந்த காலத்தில் என் தாயார் மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கதர் பவனுக்குப் போய்வருவார். குழந்தைகளின் பாவாடைக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் துணி எடுப்பது அவருக்கு அர்ச்சனைத் தட்டு எடுப்பது போன்ற சிரத்தையான காரியம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கரையோரத்தில் வரிசையாகச் சிறு ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று தடவிப் பார்ப்பார், ஏனென்றால் தறியில் துணியின் அகலம் சுருங்காதிருக்க நெசவாளி குத்தி நிறுத்தும் ஊசிகளின் தடம் அது. கதருக்கும் கைத்தறிக்கும் உள்ள பேதத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே: இரண்டும் கையால் நெய்ததாயினும், கைத்தறியின் நூல் பெரும்பாலும் மில்லில் நூற்றது, கதரின் நூலும் கையால் நூற்றது.

பிற்காலத்தில் இந்தப் பரீட்சைகள் போதாமற் போயின. டெரிலின் என்ற மாயம் 1960-களில் பட்டணங்களைப் பிடித்துக்கொண்டபோது, கஞ்சியும் இஸ்திரியும் வேண்டாத அந்தத் துணியை டில்லியின் குமாஸ்தாக் குடும்பங்கள் வரப்பிரசாதமாக வரவேற்றன. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் குழாய்த் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும் வீட்டில் துணி துவைக்கிறவள் ஸ்திரீதான். பின்னர் கதர் ஸ்தாபனங்களே பாலியெஸ்டர் கலந்த துணியையும் விற்கத் தொடங்கின. பருத்தி என்று நம்பி நானே ஒருமுறை ஒரு கடையில் மூன்று மீட்டர் வாங்கி ஏமாந்தேன். விளிம்பில் ஓர் இழையை உருவிச் சுடரில் காட்டினால் பருத்தி காகிதம் போல எரிந்து மிருதுவான சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கருமணியாகச் சுருளும் என்பதை அதன் பிறகே கற்றேன்.

ஆனால் துணி பருத்தியானால் மட்டும் நிஷ்களங்கமாகிவிடுமா? இந்த விஷயத்தில் நான் சற்றுத் தாமதிக்க விரும்புகிறேன், ஏனெனில் இதற்குச் சாட்சி சொல்லும் ஊர் நம்முடையது. தமிழ்நாட்டுக் கதர் வேலைக்கு 1920-களில் கேந்திரமாக விளங்கிய திருப்பூரே, பனியன் தொழில் பெருகி உலக வியாபாரத்தில் புகுந்தபின், சாயக்கழிவால் நொய்யலாற்றைக் கெடுத்த ஊராகவும் ஆயிற்று. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, எந்த வயலுக்கு உயிர் கொடுக்க வேண்டுமோ அந்த வயலையே சீர்குலைத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. டில்லியிலும் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஜூலையில் 168 தொழிற்சாலைகளை மூடச் சொன்னபோது சப்ஜி மண்டியின் பிர்லா துணி மில்லும் அவற்றுள் ஒன்றாக இருந்தது, டில்லி கிளாத் மில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஓய்ந்துவிட்டிருந்தது. சாயங்களின் விஷத்தன்மையைக் கண்டு ஜெர்மனி 1994-இல் சில அசோ சாயங்களைத் தடைசெய்ய, ஏற்றுமதியை நம்பியிருந்த நம் அரசாங்கமும் 1997-இல் அவற்றைத் தடைசெய்தது. நம்முடைய ஆறுகள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அந்நியநாட்டு வாடிக்கையாளன் ஒரே கடிதத்தில் கேட்க வைத்துவிட்டான்.

ஆகவே காந்தியடிகள் காலத்துக் கேள்வி, இதனை நூற்றவர் யார் என்பது. இப்போது அதனோடு, இதன் சாயம் எந்த ஆற்றில் கரைந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டு முதலாவதை மறக்கிறவர்களும் இன்று பெருகியிருக்கிறார்கள். முதல் கேள்விக்கு விடை காணக் கதர் முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கின்றன. முன்னது 2013-இல் விதிகளோடு வந்தது, பின்னது 2006-இல் ஏற்பட்டது. நம்பிக்கையான கடையில் இவற்றைப் பார்த்து வாங்குவது நல்லதே. எனினும் வாங்கிய துணியைத் தைக்கிறவர் தம் கையால் அறியவேண்டிய சங்கதிகள் முத்திரையில் எழுதியிருப்பதில்லை. சலவை செய்யாத கோராத் துணியாயின் சாயமே இல்லை, ஆகவே ஆற்றின் கவலையும் இல்லை. மானாவாரிக் கரிசல் நிலத்துக் கருங்கண்ணிப் பருத்தி போன்ற குட்டை இழைக்கு மில்லில் மதிப்பில்லை, இராட்டைக்கோ அது உகந்தது. நீலமும் மஞ்சளும் இட்ட துணியின் வண்ணம் கையில் ஒட்டினால் அது நல்ல சாயமா என்று கடைக்காரரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இவ்வளவும் கேட்டு வாங்கிவந்த கதரை என் தாயார் உடனே தைக்க மாட்டார். இரவெல்லாம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் கரோல்பாக் மாடியில் கொடியில் நிழலாக உலர்த்திவிட்டு, மறுநாள் அளந்து பார்ப்பார். மீட்டருக்கு இரண்டு விரற்கடையாவது சுருங்கியிருக்கும். அந்தக் குறைவை முன்கூட்டியே எண்ணி, கடையில் அளக்கும்போதே அரை கஜம் கூடுதலாகக் கேட்டிருப்பார். அதன் பிறகுதான் மிஷினின் மூடியைத் திறந்து, தரையில் துணியை விரித்து, கத்தரியைத் தேடுவார்.