துண்டறிக்கையையும் காத்த நூலகம்

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் வரலாறு, ஒரு தனிமனிதரின் அரை வாழ்நாள் உழைப்பிலிருந்து தொடங்குகிறது. கோட்டையூர் முத்தையா செட்டியார் சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். 1950 வாக்கில் பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி நூல்களை வாங்கத் தொடங்கினார். பின்னர் ஊர் திரும்பி, கைப்பொருளையும் காலத்தையும் அந்தத் தொகுப்புக்கே தந்தார். ஊரார் படித்துவிட்டு எறிந்த நாடக நோட்டீசையும், சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும், திருமண அழைப்பிதழையும் நூல்களுக்கு இணையாக மதித்துச் சேர்த்ததே அவருடைய தனிப்பெருமை.

1992இல் அவர் மறைந்தபோது தொகுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆவணங்கள் இருந்தன. அவை சிதறிவிடாமல் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அப்பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூலகர் ஜேம்ஸ் நை இதில் பெரும்பங்கு ஆற்றினார். தொகுப்பு கடல் கடக்கவில்லை. தமிழ் மண்ணிலேயே இருக்க வேண்டும் என முடிவாயிற்று. மொழி அறக்கட்டளை பொறுப்பேற்க, சென்னை முகப்பேரில் நூலகம் உருவாயிற்று. அரிய நூல்கள் நுண்படமாக்கப்பட்டன. தியடோர் பாஸ்கரன் இயக்குநராக இருந்து வழிநடத்தினார்.

அடுத்த பத்தாண்டில் நூலகம் தரமணிக்கு இடம்பெயர்ந்தது. 2007இல் ஐராவதம் மகாதேவன் முயற்சியால் சிந்துவெளி ஆய்வு மையம் இங்கே அமைந்தது. நுண்படத்தை அடுத்து மின்னுருவாக்கமும் வந்தது.

நூலைவிடத் துண்டறிக்கையை மின்னுருவாக்குவது கடினம். மலிவான தாள் அமிலத்தால் பழுப்பேறி, மடித்த இடத்தில் முறிந்துவிடும். மென்தூரிகையால் தூசு நீக்கி, மடிப்பைப் பிரித்துச் சமன்செய்து, கிழிசலை மெல்லிய தாளொட்டிச் சீர்செய்த பிறகே படமெடுக்க முடியும். அட்டவணையிடுவது அதனினும் கடினம். நாடக நோட்டீசில் நாளும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. நாளையும் கிழமையையும் பொருத்தி, நாடகக் குழு, கொட்டகை, அச்சகம் ஆகியவற்றின் பெயர்களைக் கொண்டு ஆண்டைக் கணிக்க வேண்டும். இந்தப் பொறுமையான உழைப்பால்தான், எந்த நூலிலும் ஏறாத நடிகர்களும் பாடகர்களும் அச்சகத்தாரும் இன்று ஆய்வாளர் கண்ணில் படுகிறார்கள்.

முத்தையா செட்டியார் தொடங்கிய பணி நம் எல்லோருக்கும் உரியது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய அழைப்பிதழோ நோட்டீசோ பாட்டுப் புத்தகமோ இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள், நூலகத்துக்குத் தெரிவியுங்கள்.