வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் சேனல் ஒலியளவு வேறுபாடு

இரண்டு சேனல் கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபையரில், ஒரே கிட்டாரை ஒரே அளவில் வாசித்தும் ஒரு சேனல் உரக்கவும் மற்றது அடங்கியும் ஒலிப்பது சேனல் ஒலியளவு வேறுபாடு எனப்படும். கையால் கம்பி இழுத்துக் கட்டிய செட்டுகளில் இது அடிக்கடி வரும். வால்வு செட்டில் வரும் கோளாறுகளுள் கண்டுபிடிக்க எளியவற்றில் இதுவும் ஒன்று. இரு சேனல்களும் ஓரிடத்தில் கலந்த பிறகு பாதை ஒன்றாகிவிடுகிறது. கட்டமாற்றி வால்வு, பவர் வால்வுகள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் இரண்டுக்கும் பொது. அவற்றில் கோளாறு இருந்தால் இரண்டும் சேர்ந்தே தளரும். ஒன்று மட்டும் தளர்ந்தால் கோளாறு உள்ளீட்டு ஜாக்கிலிருந்து கலக்குமிடம் வரை உள்ள ஒரு கைப்பிடி உறுப்புகளில்தான் இருக்கிறது. அதோடு, நன்றாக இயங்கும் இன்னொரு சேனல் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இருக்கிறது.

பழுதா, வடிவமைப்பா

பற்றவைப்பு இரும்பைச் சூடாக்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. பல புகழ்பெற்ற சுற்றுகளில் இரு சேனல்களும் சமமாக ஒலிக்கும்படி வடிவமைக்கப்படவே இல்லை.

வீட்டில் கட்டுவோர் அதிகம் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில் ஒன்று, 1950-களின் பிற்பாதியைச் சேர்ந்த ஃபெண்டர் டீலக்ஸ் 5ஈ3. இதில் ஒரு 12ஏஒய்7 வால்வின் இரு பாதிகளும் ஆளுக்கொரு சேனலைப் பெருக்குகின்றன. ஆனால் இரண்டு வால்யூம் கன்ட்ரோல்களுக்கும் இடையே அவற்றைப் பிரித்துவைக்கும் மின்தடைகள் இல்லை. கிட்டார் செருகாத சேனலின் வால்யூமைத் திருப்பினாலும் வாசிக்கும் சேனலின் ஒலியும் தொனியும் மாறும். அது பழுதல்ல, அந்தச் சுற்றின் இயல்பு.

மார்ஷல் 1959 சூப்பர் லீட் வேறு வகை. 1960-களின் இறுதியில் நிலைபெற்ற அதன் லீட் வடிவில், பிரைட் சேனலின் கேத்தோடில் 2.7 கிலோ ஓம் மின்தடையும் 0.68 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் உள்ளன. நார்மல் சேனலுக்கு 820 ஓமும் அதைவிடப் பல நூறு மடங்கு பெரிய மின்தேக்கியும். பிரைட் சேனலில் மந்தர ஒலிகளுக்குப் பெருக்கம் குறைவு. வால்யூமுக்குக் குறுக்கே உள்ள சிறு மின்தேக்கி உச்ச ஒலிகளைத் தாராளமாக விடுகிறது. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு மிகவும் கூர்மையானது. எனவே மீட்டரில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டாலும் பிரைட் சேனல் காதுக்கு உரக்கக் கேட்கும்.

1960-களின் ஃபெண்டர் ஏபி763 சுற்றின் ரிவெர்ப் உள்ள மாடல்களில் விப்ராட்டோ சேனல் நார்மல் சேனலைவிட ஒரு பெருக்கிநிலை கூடுதலாகக் கடக்கிறது. ஒளியால் இயங்கும் டிரெமொலோ உள்ள மாடல்களில், 50 கிலோ ஓம் இன்டென்சிட்டி கன்ட்ரோல் அதே சேனலின் மேல் சுமையாக உட்கார்ந்து ஒலியைச் சற்றுக் குறைக்கிறது. கூடுதல் நிலையால் இரு சேனல்களும் எதிர்க்கட்டத்தில் இருப்பதால், இரண்டையும் கம்பியால் இணைத்து வாசித்தால் ஒலி கூடாமல் மெலியும். கட்டிய சுற்றின் வரைபடத்தை மேசையில் விரித்து, இரு பாதைகளும் எங்கே வேறுபடுகின்றன என்று விரல் வைத்துப் பார்ப்பதே முதல் வேலை.

திறக்காமலே செய்யும் சோதனை

ஒரே கிட்டார், ஒரே கேபிள், இரு சேனலிலும் 1 என்ற ஜாக். 2 என்ற ஜாக்கில் செருகினால் இரண்டு 68 கிலோ ஓம் மின்தடைகள் சமிக்ஞையைப் பாதியாக்கும், அதாவது 6 டெசிபல் குறையும். பிறகு இரு வால்யூமையும் முழுவதும் திருப்பிக் கேட்க வேண்டும். நடுவில் பெரிதாக இருந்த வேறுபாடு உச்சத்தில் மறைந்தால் பெருக்கிநிலைகளில் குறையில்லை, வால்யூம் கன்ட்ரோலின் வகையில்தான் தவறு. பாதித் திருப்பலில் லீனியர் வகை சமிக்ஞையில் பாதியை விடும். ஆடியோ வகை பத்திலிருந்து பதினைந்து சதவீதம்தான் விடும். இடைவெளி 10 டெசிபலுக்கும் மேல், ஏறத்தாழ இரு மடங்கு உரப்பு. ஆசியத் தயாரிப்புகளில் பொதுவாக 'ஏ' எழுத்து ஆடியோ வகையையும் 'பி' லீனியரையும் குறிக்கும். ஒரே பையில் இரண்டும் கலந்து வருவது அரிதல்ல.

அடுத்தது வால்வை மாற்றிப் பார்ப்பது. ஆனால் புது வால்வு வாங்கித் தொடங்குவது பணத்துக்குக் கேடு. ஒரே வால்வின் இரு பாதிகளுக்கிடையே இயல்பான வேறுபாடு பொதுவாகச் சிறியது. தெளிவாகக் கேட்கும் பள்ளத்துக்குக் காரணம் பெரும்பாலும் கம்பியிலோ மதிப்பிலோ இருக்கும்.

மின்னழுத்தம் சொல்வது

உள்ளே பல நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஃபில்டர் மின்தேக்கிகள் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கலாம். மின்தடை வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்ஜியத்தைப் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். மின்சாரம் உள்ளபோது அளந்தால் ஒரு கை பின்னால் இருக்கட்டும், ஸ்பீக்கர் எப்போதும் இணைந்திருக்கட்டும்.

12ஏஎக்ஸ்7 வால்வில் 100 கிலோ ஓம் பிளேட் மின்தடையும் 1.5 கிலோ ஓம் கேத்தோடு மின்தடையும் இருந்தால், கேத்தோடில் ஏறத்தாழ 1.5 வோல்ட் தெரியும். மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர், எனவே பிளேட்டில் மின்னழுத்தம் வழங்கலைவிட 100 வோல்ட் தாழ்ந்திருக்கும். தளர்ந்த சேனலின் பிளேட்டில் வழங்கல் மின்னழுத்தம் அப்படியே நின்றால் அந்தப் பாதி மின்னோட்டத்தைக் கடத்தவில்லை. கேத்தோடு மின்தடை அறுந்திருக்கலாம், சாக்கெட் பின் பிடிக்காமல் இருக்கலாம். கையால் கட்டிய செட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 6.3 வோல்ட்டில் இயக்கும்போது ஹீட்டரின் 4, 5 பின்களைச் சேர்த்துக் கட்டி, 9-ஐ மறுமுனையாக்க வேண்டும். 4-இலோ 5-இலோ பற்றவைப்பு விடுபட்டால் ஒரு பாதி மட்டும் சூடேறும். வால்வு எரிவது கண்ணுக்குத் தெரிவதால் பலர் இதைச் சந்தேகிப்பதே இல்லை.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஒலி பாதியாக இருந்தால், கேத்தோடுக்கு இணையாக உள்ள மின்தேக்கியைப் பார்க்க வேண்டும். அது இருக்கையில் மேற்சொன்ன நிலையின் பெருக்கம் சுமார் 60. அறுந்துபோனால் சுமார் 32, அதாவது ஏறத்தாழ 6 டெசிபல் இழப்பு. மின்னூட்டத்தை வடித்துவிட்டு, நல்ல 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை அதற்கு இணையாகக் கிளிப் செய்து மீண்டும் இயக்கினால் பதில் கிடைத்துவிடும். மார்ஷல் ஜேடிஎம்45, 5ஈ3 போன்றவற்றில் முதல் வால்வின் இரு பாதிகளும் ஒரே கேத்தோடு மின்தடையையும் மின்தேக்கியையும் பகிர்கின்றன. அங்கே இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

சமிக்ஞையைப் பின்தொடர, கைபேசியிலிருந்து உள்ளீட்டுக்குத் தரும் 400 ஹெர்ட்ஸ் சைன் அலை போதும். பல மலிவான மீட்டர்கள் உயர் அதிர்வெண்ணில் சரியாகக் காட்டுவதில்லை. கிரிட், பிளேட், வால்யூமின் நடுமுனை என ஒவ்வொரு இடத்திலும் இரு சேனலையும் ஒப்பிட்டால், எண்கள் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னேதான் பழுது. ஒரு பொறி உண்டு. கிரிட்டுக்கு இட வேண்டிய 1 மெகா ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம் இட்டிருந்தால், கிட்டாரின் பிக்கப் அந்தச் சுமையில் ஒலியும் கூர்மையும் இழக்கும். கைபேசியின் வெளியீடு அதைத் தாங்கிக்கொள்ளும், எனவே அளவில் எதுவும் தெரியாது. சைன் அலையில் சமமாகவும் கிட்டாரில் வேறாகவும் இருந்தால் ஜாக்கையும் இந்த மின்தடையையும்தான் பார்க்க வேண்டும். 1 மெகா ஓம், 10 கிலோ ஓம் இரண்டின் நிற வளையங்களிலும் முதல் இரண்டு பழுப்பும் கறுப்பும். மூன்றாவது மட்டும் ஒன்றில் பச்சை, மற்றதில் ஆரஞ்சு.

கலக்குமிடம்

மார்ஷல் பாணிச் சுற்றுகளில் இரு வால்யூம்களிலிருந்தும் வரும் சமிக்ஞை ஆளுக்கொரு மின்தடை வழியாகச் சேர்கிறது. மார்ஷலுக்கு மூலமான ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ-யில் அவை 270 கிலோ ஓம், பிந்திய மார்ஷலில் 470 கிலோ ஓம். ஒரு சேனல் ஒலிக்கையில், மற்றதன் மின்தடை தரைக்கு இழுக்கும் சுமையாகிறது. அதனால் சமிக்ஞை பாதியாகிறது. ஒரு மின்தடை 470 ஆகவும் மற்றது தவறுதலாக 47 ஆகவும் இருந்தால், 47 வழியாக வரும் சேனலில் பத்தில் ஒன்பது பங்கு கடக்கும், மற்றதில் ஒரு பங்குக்கும் குறைவு. இடைவெளி 20 டெசிபல். தவறான உறுப்பு இருப்பது உரத்த சேனலில் என்பதால், அடங்கிய சேனலையே தோண்டிக்கொண்டிருப்பவர் இதைக் காணமாட்டார்.

பழுதே இல்லாமல் வடிவமைப்பால் வரும் வேறுபாட்டைக் குறைக்க விரும்பினாலும் இதே இடம்தான் வசதி. உரத்த சேனலின் 470-ஐ 680 கிலோ ஓமாக மாற்றினால், அடங்கிய சேனல் அதனோடு ஒப்பிடச் சுமார் 3 டெசிபல் உயரும். அந்த மின்தடைக்குக் குறுக்கே மின்தேக்கி இருந்தால், உச்ச ஒலிகளில் விளைவு இதைவிடக் குறையும். முதல் வால்வின் பெருக்கமும் அது உடைந்து பாடும் தன்மையும் இதனால் மாறுவதில்லை.