திரையின் திறவுகோல் யாரிடம்? டிஜிற்றல் சினிமாவின் விதிநூலும் இலவச மென்பொருளும்

டிஜிற்றல் வந்தபின் சினிமா எல்லோருக்கும் உரியதாகிவிட்டது என்று நமது வட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. புகலிடக் குறும்பட விழாக்களின் தொடக்கவுரைகளில் இது ஏறத்தாழ ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது. இக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. 1995இல் மினி டி.வி. கமெராக்கள் சந்தைக்கு வந்தன. சில வருடங்களில் வீட்டுக் கணனியிலேயே படத்தொகுப்புச் செய்வதும் சாத்தியமாயிற்று. ஆனால் திரை? பொதுமக்கள் ரிக்கற் வாங்கிக்கொண்டு போய் உட்காருகிற தியேட்டரின் திரை, சிறு படக்காரர்களுக்குத் திறக்க மேலும் பதினைந்து வருடங்களுக்கு மேல் எடுத்தது. அந்தப் பதினைந்து வருடங்களில் என்ன நடந்தது, கதவு எப்படி மூடிக் கிடந்தது, யார் எப்படித் திறந்தார்கள் என்பது பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. தொழில்நுட்பம் என்றாலே அது பொறியியலாளரின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நமது இலக்கியக்காரரிடம் உண்டு. இது அரசியலுந்தான்.

முதலில் பழைய நிலைமை. 35 மில்லிமீற்றர் படச்சுருள் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். 90 நிமிடப் படமென்றால் 8,100 அடி, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் நீளம், ஐந்து சுருள்கள். வீடியோவில் எடுத்த படத்தை இந்தச் சுருளுக்கு மாற்றுவது, படம் எடுத்த செலவையே விழுங்கிவிடக்கூடிய காரியம். ஆகவே நமது படங்கள் தியேட்டருக்குப் போகவில்லை. பாடசாலை மண்டபங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் வாடகைப் புறொஜெக்ரர் ஒன்றின் மங்கிய வெளிச்சத்தில் காட்டப்பட்டன. பார்வையாளர் 'எங்கட பெடியள் எடுத்த படம்' என்று பொறுமையாகப் பார்த்தார்கள். படம் என்ற வகையில் அது மதிப்பிடப்படவேயில்லை. திரையின் தரம் பார்வையின் தரத்தையும் தீர்மானிக்கிறது என்பதை நாம் போதியளவு யோசிக்கவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

சுருளை முதலில் கைவிட்டவர்கள் பெரும் ஸ்ரூடியோக்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். 1999 யூனில் 'ஸ்ரார் வோர்ஸ்' வரிசையின் முதலாம் அத்தியாயம் அமெரிக்காவில் நான்கு தியேட்டர்களில் டிஜிற்றலாகக் காட்டப்பட்டதையே சரித்திரத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதற்கு எட்டு மாதங்கள் முந்தி, 1998 ஒக்ரோபரில், 'த லாஸ்ற் புறோட்காஸ்ற்' என்ற படம் செய்மதி வழியாக அமெரிக்காவின் சில தியேட்டர்களுக்கு அனுப்பப்பட்டுத் திரையிடப்பட்டது. அதை எடுத்தவர்கள் ஸ்ரெஃபான் அவலோஸ், லான்ஸ் வீலர் என்ற இருவர். செலவு சுமார் 900 டொலர். சுருளுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள்தான் சுருளில்லாத வழியை முதலில் தேடினார்கள், அது இயல்பானதே.

ஆனால் விதியை எழுதியவர்கள் அவர்களல்லர். 2002 மார்ச்சில் ஹொலிவூட்டின் ஏழு பெரும் ஸ்ரூடியோக்கள் (டிஸ்னி, ஃபொக்ஸ், எம்.ஜி.எம்., பரமவுண்ட், சோனி, யூனிவேர்சல், வோர்ணர் பிறதர்ஸ்) டி.சி.ஐ. என்ற கூட்டமைப்பை உருவாக்கின. 2005 யூலையில் அது தனது விதிநூலின் முதற்பதிப்பை வெளியிட்டது. டி.சி.பி. எனப்படும் டிஜிற்றல் சினிமாப் பொதி எப்படியிருக்க வேண்டும் என்பதை அது வரையறுத்தது. ஒவ்வொரு சட்டகமும் ஜேபெக் 2000 முறையில் தனித்தனிப் படமாகச் சுருக்கப்படும். அகலம் 2048 அல்லது 4096 புள்ளிகள். செக்கனுக்கு 24 சட்டகம். படத்தின் தரவு செக்கனுக்கு 250 மெகாபிற்றுக்கு மேற்படலாகாது. நிறம் தொலைக்காட்சியின் முறையிலன்றி எக்ஸ்.வை.இஸட். என்ற வேறொரு அளவுமுறையில் எழுதப்படும். மறையாக்கம் செய்து பூட்டப்பட்ட படமாயின், கே.டி.எம். என்ற சாவி தேவை. அது குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட சேவருக்கு, குறிப்பிட்ட நாள் குறிப்பிட்ட மணியிலிருந்து இன்ன நேரம் வரை மட்டுமே திறக்கும்.

இந்தச் சாவியைப் பற்றிக் கோபத்துடன் எழுதியவர்கள் பலர். கோபம் நியாயமானது. எனினும் அதே விதிநூல் எவரும் இலவசமாக எடுத்து வாசிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டது என்பது அதைவிட முக்கியமான விடயம். ஸ்ரூடியோக்கள் இதைப் பரோபகாரமாகச் செய்யவில்லை. ஒரே கொம்பனி புறொஜெக்ரர்களையும் சேவர்களையும் விற்றுத் தங்களை மிரட்டும் நிலை வரக்கூடாது, பல உற்பத்தியாளர்கள் போட்டியிட வேண்டும் என்பதே அவர்களின் கணக்கு. ஜேபெக் 2000இன் அடிப்படைப் பகுதிக்கு உரிமக் கட்டணமும் இல்லை. தங்களின் வியாபாரப் பாதுகாப்புக்காக அவர்கள் திறந்து வைத்த அந்த ஜன்னல் வழியாகத்தான் பின்னர் வேறு ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

அதற்கு முன் தியேட்டர்கள் மாறவேண்டியிருந்தது. புதிய புறொஜெக்ரரின் செலவைத் தியேட்டர் ஏற்க, சுருள் அச்சிடும் செலவு மிச்சமாகும் லாபம் விநியோகஸ்தருக்குப் போகும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க வந்ததே வி.பி.எஃப். என்ற 'மெய்நிகர்ப் பிரதிக் கட்டணம்'. இல்லாத சுருளுக்கான கட்டணம் என்று தமிழில் சொல்லலாம். ஒரு படம் ஒரு தியேட்டரில் போடப்படும்போது விநியோகஸ்தர் ஒரு தொகையைக் கட்டி, அந்தக் கருவியின் கடனை மெல்ல மெல்ல அடைக்க உதவுவார். ஆயிரம் தியேட்டர்களில் வாரக்கணக்கில் ஓடும் படத்திற்கு இது பெரிய பாரமில்லை. ஒரே ஒரு சனிக்கிழமைக் காட்சி கேட்டுப் போகிற சிறு படத்திற்கு இது கழுத்தில் கட்டிய கல்லாயிற்று. பிரான்ஸ் 2010 செப்ரெம்பரில் இதற்கென்றே சட்டம் இயற்றி, கட்டணப் பேரம் எந்தப் படத்தைப் போடுவது என்ற தெரிவைப் பாதிக்கலாகாது என்று விதித்தது.

நோர்வே வேறு வழியில் போயிற்று. அங்கு 1913ஆம் ஆண்டின் சினிமாச் சட்டம் திரையிடும் அனுமதியை நகரசபைகளின் கையில் கொடுத்திருந்தது. அதன் விளைவாகத் தியேட்டர்களிற் பெரும்பாலானவை நகரசபைகளுக்கே சொந்தமாயின. ஆகவே மாற்றத்தை நாடு முழுவதற்கும் ஒன்றாகப் பேரம் பேசிச் செய்ய முடிந்தது. 2011இல், முழு நாட்டின் தியேட்டர்களும் டிஜிற்றலுக்கு மாறிய முதலாவது நாடு என்ற பெயர் நோர்வேக்குக் கிடைத்தது. ஊரூராகப் போய்ப் படம் காட்டும் நடமாடும் சினிமாவும் அதில் அடங்கும். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த நம்மவர்கள் வாழ்ந்த சிற்றூர்களுக்கும், தலைநகர் ஒஸ்லோவுக்கும், ஒரே தரத்தில் படம் போயிற்று. பொதுச்சொத்து என்பது வெறும் கோஷமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் நடந்தது மூன்றாவது விதம். டி.சி.ஐ. விதிக்கு உட்படாத மலிவான முறைகளில் இந்தியாவின் தியேட்டர்கள் வெகு முந்தியே மாறத் தொடங்கின. சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட றியல் இமேஜ் நிறுவனத்தின் 'கியூப்' சேவர்கள் அதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் கட்டணச் சண்டை அங்கும் வந்தது. 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தயாரிப்பாளர்கள் புதுப்படம் எதையும் வெளியிடாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரதான கோரிக்கைகளில் ஒன்று, இந்த இல்லாத சுருளின் கட்டணம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். பரமவுண்ட் 2013இன் இறுதியுடன் அமெரிக்காவில் சுருள் விநியோகத்தைக் கைவிட்டது. திரைப்பட விழாக்களும் அந்த வருடங்களில் சுருளையும் நாடாவையும் விட்டு டி.சி.பி. கேட்கத் தொடங்கின. அதைத் தயாரிக்கும் வேலை ஆரம்பத்தில் ஆய்வுகூடங்களின் கையில் இருந்தது. ஜேர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃபிறவுண்ஹோஃபர் நிறுவனம் (எம்.பி.3 பிறந்த அதே இடம்) 'ஈஸி டி.சி.பி.' என்ற மென்பொருளை விற்றது. நல்ல மென்பொருள்தான், ஆனால் சாதாரண படக்காரரின் பணப்பைக்கு உரியதல்ல. இன்னொரு பக்கத்தில் விதிநூலை வாசித்த நிரலாளர்கள் துண்டு துண்டாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜேபெக் 2000க்கான இலவச நிரற்தொகுதியான 'ஓப்பின் ஜேபெக்' பெல்ஜியத்தின் லூவான் பல்கலைக்கழகத்தில் உருவானது. பொதிக் கோப்புகளை எழுதும் நிரற்தொகுதியும் திறந்த மூலமாகவே கிடைத்தது. இவற்றைச் சேர்த்து 'ஓப்பின் டி.சி.பி.' வந்தது. 2012இல் கார்ல் ஹெதரிங்ரன் எழுதத் தொடங்கிய இன்னொரு மென்பொருள் 'டி.சி.பி.-ஓ-மற்றிக்' என்ற பெயரில் நிலைத்தது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவலாம்; விலையில்லை; மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம்.

நிறுவுவது கால் மணி நேர வேலை. முடித்த படத்தின் கோப்பைச் சேர்த்து, திரையின் வடிவத்தைத் தெரிவுசெய்து (1998க்கு 1080, அல்லது அகலத்திரைக்கு 2048க்கு 858), ஒலித்தடங்களை ஒழுங்குபடுத்திவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால் போதும். பிறகு காத்திருக்க வேண்டும். 90 நிமிடப் படத்தில் 1,29,600 சட்டகங்கள், ஒவ்வொன்றும் தனியாகச் சுருக்கப்படுகிறது. பழைய கணனியில் ஒரு முழு இரவு போதாது. வீட்டிலுள்ள வேறு கணனிகளையும் வலையில் இணைத்து வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் வசதி இதில் உண்டு. பிள்ளைகளின் மடிக்கணனிகளைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

சிக்கல்கள் சுவையானவை. ஐரோப்பாவில் வாங்கிய கமெரா செக்கனுக்கு 25 சட்டகம் எடுக்கும், சினிமாவோ 24. மெதுவாக்கினால் 90 நிமிடப் படம் 93 நிமிடமும் 45 செக்கனும் ஆகும். நடிகர்களின் குரல் சற்றுத் தாழும். பின்னர் வந்த விதிமுறை 25ஐயும் அனுமதித்தது, ஆயினும் பழைய சேவர்களில் அது ஓடாமற் போகலாம். பாடல் உள்ள படமென்றால் சுருதி தெரிந்த காது உடனே கண்டுபிடித்துவிடும்.

உபதலைப்பு இன்னும் பெரிய தலையிடி. சிங்களப் படமொன்றைத் தமிழ் உபதலைப்புடன் காட்ட விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்படிக் காட்ட வேண்டிய தேவை நமக்கு இருக்கிறதென்றே நான் நினைக்கிறேன். விதிப்படி உபதலைப்பை எழுத்தாகவும் அனுப்பலாம், படமாகவும் அனுப்பலாம். எழுத்தாக அனுப்பினால் அதைத் திரையில் வரைவது தியேட்டரின் சேவர். தமிழில் 'கொ' என்ற எழுத்தின் குறி மெய்யின் இருபுறமும் வரவேண்டும். 'கெ'யில் குறி முன்னுக்குப் போகவேண்டும். உரோமன் எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்ட சேவர் இதை ஒழுங்காகச் செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எழுத்துருக் கோப்பு 640 கிலோபைற்றைத் தாண்டினாலும் பிரச்சினை. பாமினி எழுத்துருவுடன் மல்லுக்கட்டி இதழ் நடத்தியவர்களுக்கு இந்த அவதி புதிதல்ல. வழி, எழுத்துகளைக் கணனியிலேயே வரைந்து படத்தோடு பதித்துவிடுவது. டி.சி.பி.-ஓ-மற்றிக் அதைச் செய்கிறது, தமிழின் குறிகளை இடம் மாற்றத் தெரிந்த நிரற்தொகுதியைக் கொண்டே செய்கிறது. ஆனால் பதித்துவிட்டால் அந்தப் பிரதி தமிழருக்கு மட்டுமே. வேறு மொழிக்கு வேறு பிரதி தயாரிக்க வேண்டும்.

கடைசியாக வட்டு. தியேட்டர் சேவர்கள் லினக்ஸில் ஓடுபவை. அவற்றுக்குப் பழக்கமான ஈ.எக்ஸ்.ரி. 2 அல்லது 3 முறையில் எழுதப்பட்ட வட்டைக் கேட்பார்கள். விண்டோஸ் கணனி அதை வட்டென்றே ஏற்றுக்கொள்ளாது. இதற்கும் அந்த மென்பொருளுடன் துணைக்கருவி ஒன்று வருகிறது. பொதியிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கணிதக் கைரேகை எழுதப்பட்டிருக்கும். பிரதியெடுக்கையில் ஒரு துளி மாறினாலும் சேவர் அதைக் கண்டுபிடித்துப் பொதியை ஏற்க மறுக்கலாம். ஆகவே காட்சிக்கு ஒரு நாள் முந்தியாவது போய்ச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சாவியையும் இம்மென்பொருளால் செய்யலாம். இங்கேதான் நமது படக்காரர்களுடன் எனக்கு முரண்பாடு. நூறு பேர் பார்க்கப்போகும் படத்தைச் சிலர் ஸ்ரூடியோ முதலாளிகளைப் போல் பூட்டியனுப்புகிறார்கள். திருட்டுப் பிரதி பற்றிய பயம் விளங்குகிறது. சென்னையிலிருந்து பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் வரும் பெரிய படங்கள் பூட்டித்தான் வருகின்றன. ஆனால் சாவியின் தவணை முடிந்ததும் தியேட்டரில் இருக்கும் அந்தப் பிரதி வெறும் இலக்கக் குவியல். மூலச் சாவியை வைத்திருந்தவரின் கணனி பழுதானால் பூட்டிய பிரதிகள் எத்தனை நாட்டில் இருந்தாலும் பயனில்லை.

1983 யூலையில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கே எரிந்த நெகற்றிவ்களில் பெரும்பாலானவை சிங்களப் படங்களுக்குரியவை. தமிழரின் சொத்தென்று எரித்தவர்கள் தங்களின் சினிமாவையே எரித்தார்கள். சுருள் எரியும், கோப்பு எரியாது என்று யாரும் ஆறுதலடைய வேண்டாம். அமெரிக்கத் திரைப்பட அக்கடமி 2007இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றின்படி, ஒரு படத்தின் மூலத்தைச் சுருளாக ஒரு வருடம் பாதுகாக்க 1,059 டொலரும், 4கே டிஜிற்றல் கோப்பாகப் பாதுகாக்க 12,514 டொலரும் செலவாகும். வட்டுகளின் விலை அதன்பின் எவ்வளவோ குறைந்துவிட்டது. ஆனால் சில வருடங்களுக்கொருமுறை புதிய வட்டுக்கு மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டிய வேலை குறையவில்லை. செக்கனுக்கு 100 மெகாபிற் அளவில் செய்த 90 நிமிடப் பொதி 70 கிகாபைற்றுக்குள் அடங்கும். பூட்டாத பிரதிகள் இரண்டை இரண்டு நகரங்களில் வைப்பது ஒரு வாசகர் வட்டத்தாலேயே ஆகக்கூடிய செலவு.

பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தொண்ணூறுகளின் கடைசியிலும் அதன் பின்னரும் எடுக்கப்பட்ட படங்கள் பலவற்றின் மூலம் இன்னமும் மினி டி.வி. கசற்றுகளில்தான் இருக்கிறது. அவற்றை வாசிக்கும் டெக்குகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை.