சேஞ்சஸ் (டூபாக் ஷகூர் பாடல்)

சேஞ்சஸ் என்பது அமெரிக்கச் சொல்லிசைக் (ராப்) கலைஞர் டூபாக் ஷகூரின் பாடல்களுள் ஒன்றாகும். 1992ஆம் ஆண்டில் முதலில் பதிவு செய்யப்பட்ட இப்பாடல், அவர் சுட்டுக் கொல்லப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1998 அக்டோபரில் தனிப்பாடலாக வெளியிடப்பட்டது. தலைப்பின் பொருள் மாற்றங்கள் என்பதாகும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் எதிர்கொண்ட வறுமை, காவல்துறையின் வன்முறை, போதைப்பொருள், சிறை ஆகியவற்றை இப்பாடல் பேசுகின்றது. டூபாக்கின் பாடல்களில் உலகளவில் பரவலாக அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

பின்னணி

டூபாக் 1971 ஜூன் 16 அன்று நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் பிறந்தார். இவரது தாயார் அஃபேனி ஷகூர், கருஞ்சிறுத்தைகள் கட்சியின் உறுப்பினர். குண்டுவெடிப்புச் சதி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 21 பேரில் ஒருவரான அஃபேனி, நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே வாதாடி 1971 மே மாதம் விடுதலை பெற்றார். அதற்கு அடுத்த மாதம் டூபாக் பிறந்தார். டூபாக்கின் பாடல்களில் காணப்படும் அரசியல் நோக்கிற்கு இக்குடும்பச் சூழலும் ஒரு காரணமாகும்.

இவரது முதல் இசைத்தொகுப்பான டூபாக்கலிப்ஸ் நவ் 1991 நவம்பரில் வெளிவந்தது. 1992இல் அன்றைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல் இத்தொகுப்பை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்டதைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெருங்கலவரம் மூண்டது. சேஞ்சஸ் முதலில் பதிவான ஆண்டும் இதுவே.

1996 செப்டம்பர் 7 அன்று லாஸ் வேகாஸ் நகரில் காரில் சென்றுகொண்டிருந்த டூபாக் சுடப்பட்டார். ஆறு நாட்களுக்குப் பின்னர், செப்டம்பர் 13 அன்று, தமது 25ஆம் அகவையில் உயிரிழந்தார். இக்கொலை தொடர்பாக 2023 செப்டம்பரில் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

இசை

புரூஸ் ஹார்ன்ஸ்பியும் அவரது ரேஞ்ச் குழுவினரும் 1986இல் வெளியிட்ட தி வே இட் இஸ் என்ற பாடலின் பியானோ இசை சேஞ்சஸ் பாடலின் அடித்தளமாக அமைந்துள்ளது. ஒரு பழைய ஒலிப்பதிவின் பகுதியை எடுத்துப் புதிய பாடலில் பயன்படுத்தும் இம்முறை சாம்ப்ளிங் எனப்படும். சொல்லிசையில் இது தொடக்க காலம் முதல் வழக்கத்தில் உள்ளது.

ஹார்ன்ஸ்பியின் பாடல் 1986 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்றது. 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் மக்களின் மனப்போக்கு முழுமையாக மாறவில்லை என்பது அதன் கருத்து. ஆகவே சேஞ்சஸ் பாடல் அதிலிருந்து மெட்டை மட்டுமன்றி, அது எழுப்பிய வினாவையும் எடுத்துக்கொண்டது எனலாம்.

பாடலைத் தயாரித்தவர் டியான் எவான்ஸ். வெளியீட்டிற்கு முன்னர் இது மறுகலவை செய்யப்பட்டது. வெளியான வடிவத்தில் டேலன்ட் என்ற குழுவினர் பல்லவியைப் பாடியுள்ளனர்.

உள்ளடக்கம்

பாடலில் மூன்று பகுதிகள் உள்ளன. வாழ்வதில் பயன் உண்டா என்று தன்னையே வினவும் ஒருவனின் குரலில் முதற்பகுதி தொடங்குகின்றது. கருஞ்சிறுத்தைகள் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரும் 1989 ஆகத்து 22 அன்று ஓக்லண்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவருமான ஹியூவி நியூட்டன் இதில் நினைவுகூரப்படுகின்றார்.

இரண்டாம் பகுதி சிறைகளில் கறுப்பினத்தவர் நிறைந்திருப்பதைச் சுட்டுகின்றது. கறுப்பினத்தவர் ஒருவரைக் குடியரசுத் தலைவராக ஏற்க நாடு இன்னும் ஆயத்தமாகவில்லை என்ற கருத்தும் இதில் இடம்பெறுகின்றது. பாடல் வெளியாகிப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், 2008 நவம்பரில் பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது இவ்வரி பரவலாக நினைவுகூரப்பட்டது.

மூன்றாம் பகுதி இரு அரசுக் கொள்கைகளை ஒப்பிடுகின்றது. 1964இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்தார். 1971இல் ரிச்சர்ட் நிக்சன் போதைப்பொருளை முதன்மைப் பகையென அறிவித்தார். முதற்போரின் இடத்தை இரண்டாம் போர் பிடித்துக்கொண்டதால் காவல்துறைக்கு ஏழைகளைத் தொல்லைப்படுத்த வழி பிறந்தது என்பது டூபாக்கின் குற்றச்சாட்டு. எனினும் பாடல் அரசை மட்டும் குறைகூறவில்லை. கறுப்பின மக்கள் தமக்குள் ஒருவரையொருவர் நடத்தும் முறையும் மாற வேண்டும் என்று வலியுறுத்துகின்றது.

பழிவாங்கத் திரும்பும் துப்பாக்கி பற்றிய குறிப்புடன் பாடல் முடிவடைகின்றது. டூபாக் தமது முடிவை முன்பே அறிந்திருந்தார் என்று சில இரசிகர்கள் கூறுவதுண்டு. ஆனால் இவ்வரிகள் அவர் இறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னர் எழுதப்பட்டவை. இளைஞர்கள் சுடப்பட்டு இறப்பது அன்று அன்றாட நிகழ்வாக இருந்த சூழலையே அவை காட்டுகின்றன.

வெளியீடும் வரவேற்பும்

டூபாக் வெளியிடாது விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளை வெளிக்கொணர்வதற்காக அஃபேனி ஷகூர் 1997இல் அமாரு என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1998 நவம்பர் 24 அன்று வெளியான கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்ற இரட்டைத் தொகுப்பில் சேஞ்சஸ் இடம்பெற்றது. இத்தொகுப்பு 2011இல் அமெரிக்காவில் வைரச் சான்றிதழ் பெற்றது. இசைக் காணொளி, டூபாக்கின் பழைய படக்காட்சிகளையும் ஒளிப்படங்களையும் தொகுத்து உருவாக்கப்பட்டது.

பாடல் ஹாட் 100 பட்டியலில் 32ஆம் இடத்தையும், ஐக்கிய இராச்சியத்தில் 3ஆம் இடத்தையும் எட்டியது. 2000ஆம் ஆண்டின் கிராமி விருதுகளில் சிறந்த தனிநபர் சொல்லிசைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. அவ்விருதை எமினெம் பெற்றார். 2009 டிசம்பரில் மைஸ்பேஸ் தளத்தில் வத்திக்கான் வெளியிட்ட 12 பாடல்களின் பட்டியலில் மோட்சார்ட்டின் இசையுடன் இப்பாடலும் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

இறப்பிற்குப் பிந்தைய வெளியீடுகள்

ஒரு கலைஞர் இறந்தபின் வெளிவரும் பாடல்கள் இரு வகைப்படும். முதல் வகை, கலைஞர் உயிருடன் இருந்தபோதே நிறைவு செய்தவை. 1997 மார்ச் 9 அன்று கொல்லப்பட்ட நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் லைஃப் ஆஃப்டர் டெத் தொகுப்பு 16 நாட்களில் வெளிவந்தது இதற்கு எடுத்துக்காட்டு. அத்தொகுப்பிலிருந்து தனிப்பாடலாக வெளியான மோ மணி மோ பிராப்ளம்ஸ் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்றது.

இரண்டாம் வகை, கலைஞர் கிடப்பில் விட்ட பதிவுகளைப் பிறர் திருத்தி வெளியிடுபவை. சேஞ்சஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் வரிகள் சில, 1997இல் வெளியான ஐ வொண்டர் இஃப் ஹெவன் காட் எ கெட்டோ என்ற டூபாக்கின் மற்றொரு பாடலிலும் காணப்படுகின்றன. இதனால், ஒரே வரிகளை இரு பாடல்களிலும் வெளியிட டூபாக் விரும்பியிருப்பாரா என்ற வினா எழுகின்றது. இத்தகைய வெளியீடுகளில் எந்த வடிவம் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை உரிமையாளர்களிடம் சென்றுவிடுகின்றது. மறுபுறம், அவ்வாறு வெளியிடப்படாதிருந்தால், டூபாக்கின் சமூகக் கருத்துகளைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டு சேர்த்த இப்பாடல் ஒலிப்பதிவு நாடாவிலேயே தங்கியிருக்கும்.