சிவப்பணுவும் மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையும்

மனித உடலின் அடிப்படை அலகு உயிரணு. இதனைச் செல் என்றும் அழைப்பர். உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு, எப்பொருள் உள்ளே நுழையலாம், எது வெளியேறலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே நிறைந்துள்ள சைட்டோபிளாசத்தில் மைட்டோகாண்ட்ரியா முதலிய நுண்ணுறுப்புகள் உள்ளன. ஆக்சிஜனைப் பயன்படுத்தி உணவுச்சத்திலிருந்து ஆற்றலைப் பெறுவது மைட்டோகாண்ட்ரியாவின் பணி. உட்கருவில் டி.என்.ஏ. உள்ளது. எந்தப் புரதத்தை எவ்வாறு தயாரிப்பது என்ற குறிப்பு அதில் அடங்கியிருக்கிறது.

இரத்தச் சிவப்பணு இதற்கு ஒரு விதிவிலக்கு. எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே அது தன் உட்கருவை வெளியேற்றிவிடுகிறது. பின்னர் மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. அதன் உட்புறம் முழுவதும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே நிறைந்திருக்கும். உட்கரு இல்லாததால் புதிய புரதங்களைத் தயாரித்துத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள அதனால் இயலாது. ஆகவே ஏறத்தாழ 120 நாட்களில் அதன் ஆயுள் முடிகிறது. முதிர்ந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் அகற்றுகின்றன. அவற்றின் இரும்புச்சத்து வீணாவதில்லை, புதிய அணுக்களுக்குப் பயன்படுகிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த 120 நாட்கள் முக்கியமானவை. தசை, கொழுப்பு உயிரணுக்கள் குளுக்கோஸைப் போதிய அளவு ஏற்க இன்சுலின் வேண்டும். சிவப்பணுவுக்கு அது தேவையில்லை; இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அதனுள்ளும் கூடிவிடும். அச்சர்க்கரையில் ஒரு பகுதி ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொண்டு, அணு அழியும்வரை நீடிக்கிறது. சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் எத்தனை விழுக்காடு என்பதை அளப்பதே எச்பிஏ1சி பரிசோதனை. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும்.

இப்பரிசோதனை கடந்த 2 முதல் 3 மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுகிறது. அவற்றுள் கடைசி மாதத்தின் பங்கு அதிகம். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. பலர் செய்வதுபோல் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் இனிப்பைத் தவிர்ப்பதால் முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது.

ஆனால் சிவப்பணுக்களின் ஆயுள் மாறினால் இந்த அளவும் தவறான எண்ணத்தைத் தரலாம். அண்மையில் அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தாலோ, சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் நோய் இருந்தாலோ, இரத்தத்தில் இளம் அணுக்களே மிகுந்திருக்கும். சர்க்கரை ஒட்டுவதற்கு அவற்றுக்குப் போதிய காலம் கிடைத்திராது. அதனால் உண்மையான நிலையைவிட அளவு குறைவாகத் தெரியலாம். இதற்கு மாறாக, இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தசோகையில் அளவு கூடுதலாகத் தெரிவதுண்டு. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், அரிவாள் செல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இந்த ஒரு அளவை மட்டும் நம்ப இயலாது.

இவற்றுள் ஏதேனும் உங்களுக்குப் பொருந்துமாயின், இரத்த மாதிரி கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நோயாளியை அழைத்து வருபவர், வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்த அளவுகளைத் தேதி, நேரத்துடன் எழுதி எடுத்து வருவது நல்லது. அவ்வளவுகளும் எச்பிஏ1சி முடிவும் ஒத்துப்போகாவிட்டால், மருத்துவர் வேறு பரிசோதனையைப் பரிந்துரைப்பார். அதுவரை மாத்திரை அல்லது இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.