புகைபோக்கியில் ஒரு சாம்பல் பட்டை

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு போர்க்கப்பல்! நீளம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். மேசை மேல் கடற்போர் விளையாடுபவர்கள், அசலில் 600-ல் ஒரு பங்கு அளவில் வார்க்கப்பட்ட இந்தக் குட்டிக் கப்பல்களுக்குத் தாங்களே வண்ணம் பூசிக்கொள்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861-65) இரும்புக் கவசக் கப்பல்களுக்கு அவர்களிடம் தனி மவுசு உண்டு.

மிசிசிப்பி ஆற்றைக் கைப்பற்றுவதற்காக 1861-ல் வடமாநில அரசு ஜேம்ஸ் ஈட்ஸ் என்பவரிடம் ஏழு கப்பல்களைக் கட்டச் சொன்னது. ஏழும் ஒரே அச்சு. சரிந்த சுவர்கள், ஆமை போன்ற தோற்றம், ஒவ்வொன்றிலும் 13 பீரங்கிகள். புகை சூழ்ந்த ஆற்றில் எது எந்தக் கப்பல் என்று எப்படித் தெரியும்? அதற்காகப் புகைபோக்கிகளில் கப்பலுக்கு ஒரு நிறமாகப் பட்டை தீட்டினார்கள். 'கெய்ரோ'வுக்குக் கிடைத்தது சாம்பல் நிறம்.

மாதிரிக்கும் அந்தப் பட்டைதான் பெயர்ப்பலகை. முதலில் உடல் முழுக்கக் கறுப்பு. அது காய்ந்ததும், வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால் அடர்சாம்பலை விளிம்புகளில் லேசாகத் தேய்த்தால் தகடுகள் எடுப்பாகத் தெரியும். மேல்தளத்துக்கு மர நிறம், ஆங்காங்கே துருவின் பழுப்பு. கடைசியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மெல்லிய பட்டை.

1862 டிசம்பர் 12. யாசூ ஆற்றில் போய்க்கொண்டிருந்த கெய்ரோவுக்கு அடியில் கண்ணிவெடிகள் வெடித்தன. சுமார் 12 நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. நல்லவேளையாக ஒருவர்கூடச் சாகவில்லை. இரண்டரை அங்குல இரும்புக் கவசம் இருந்தும் ஏன் தப்பவில்லை? கவசமெல்லாம் எதிரியின் குண்டு வந்து விழும் மேல்பகுதிக்குத்தான். தண்ணீருக்குள் இருந்தது வெறும் மரம்.

ஆற்றின் சேற்றில் நூறாண்டுகளுக்கு மேல் கிடந்த கெய்ரோவை 1964-ல் வெளியே எடுத்தார்கள். அதன் மிச்சம் இன்று விக்ஸ்பர்க் நகரில் பார்வைக்கு இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. மேசையில் நிற்க வேண்டும் என்பதால் இந்த மாதிரிகள் நீர்மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. கெய்ரோ எந்த இடத்தில் அடிபட்டு மூழ்கியதோ, அந்த இடம் மாதிரியில் இல்லவே இல்லை! எவ்வளவு கவனமாக வண்ணம் பூசினாலும் அதைக் காட்ட முடியாது. 1861-ல் கப்பலைக் கட்டியவர்களின் கண்ணும் நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டதுதானே?