மாரியஸின் இன்னொரு கால்

ராத்திரி பத்து மணி டவுன் பஸ். திருச்சி எடமலைப்பட்டி புதூரில் இறங்கும் கூட்டத்தில், ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்கச் சேலை விரித்துப் போட்டுவிட்டு வரும் பெண்களும் இருப்பார்கள். படியிலிருந்து இறங்கிக் காலை ஊன்றவே ஒரு தயக்கம். கேட்டால், 'நரம்பு சுருட்டிக்கிச்சுங்க' என்பார்கள்.

உண்மையில் அது நரம்பே இல்லை. ரத்தக்குழாய். டாக்டர்கள் பாஷையில் வெரிகோஸ் வெயின்.

இந்த வலிக்கு வயது ரொம்ப அதிகம். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பு, ரோமாபுரியில் கேயஸ் மாரியஸ் என்றொரு தளபதி. ஏழு முறை கான்சல் பதவி வகித்த ஆசாமி. அவருக்கு இரண்டு கால்களிலும் இதே தொல்லை. மயக்க மருந்து கிடையாது. நோயாளியைக் கட்டிப்போட்டுத்தான் அறுப்பார்கள். மாரியஸோ கட்டே வேண்டாம் என்று காலை நீட்டிவிட்டார். முனகல்கூட இல்லை. ஆனால் வைத்தியர் அடுத்த காலுக்கு வந்தபோது, 'போதும்!' என்று தடுத்துவிட்டார். பட்ட வலிக்குக் கிடைத்த குணம் கட்டுபடியாகவில்லை என்பது அவர் கணக்கு. புளூடார்க் எழுதிவைத்திருக்கும் சம்பவம் இது.

சரி, குழாய் ஏன் சுருள்கிறது?

பாதத்து ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து இதயத்துக்கு ஏற வேண்டும். ஏறியது திரும்ப இறங்காமலிருக்க, குழாய்க்குள் குட்டிக் குட்டிக் கதவுகள். 1603-ல் அவற்றை விவரமாக எழுதியவர் இத்தாலியின் ஃபேப்ரிசியஸ். அவை எதற்கு என்று 1628-ல் விளக்கியவர் அவருடைய மாணவர் ஹார்வி. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்பு மாதிரி அழுத்தி ரத்தத்தை மேலே அனுப்பும். அசையாமல் நின்றால் பம்பு வேலை செய்யாது. கதவுகள் பழுதாகி ரத்தம் கீழேயே தேங்கும். பரம்பரை, பிரசவம் எனக் காரணங்கள் வேறு உண்டு. மணிக்கணக்காக நிற்பது அதை இன்னும் மோசமாக்கும்.

1890-ல் ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் குழாயைக் கட்டிவிடும் முறையைப் பிரபலமாக்கினார். 1907-ல் அமெரிக்காவின் பாப்காக், கம்பி நுழைத்துக் குழாயையே உருவி எடுத்தார். அந்த உருவல்தான் அந்த நூற்றாண்டு முழுக்க ஓடியது.

1999-ல் ஸ்பெயின் டாக்டர் கார்லோஸ் போனே, குழாய்க்குள் லேசரை அனுப்பினார். இன்று ஊசித்துளை வழியே மெல்லிய இழை உள்ளே போகிறது. ஸ்கேன் பார்த்தபடியே, மரத்துப்போக ஊசி போட்டு, சூட்டினால் குழாயை அடைத்துவிடுகிறார்கள். ரத்தம் வேறு நல்ல குழாய்கள் வழியே ஏறிக்கொள்ளும். பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். மாரியஸ் பார்த்திருந்தால் இரண்டாவது காலையும் நீட்டியிருப்பார்!

ஆனால் மறுவாரம் எங்கே போவது? அதே கடைக்கு, அதே நிற்கும் வேலைக்குத்தானே? இன்னொரு குழாய் சுருள எத்தனை நாள்?

இந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், கோழிக்கோட்டுத் தையல்காரப் பெண்மணி விஜி. மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமை கேட்டார். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழக சட்டசபையும் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தந்தே ஆக வேண்டும்.

லேசர் ஒரு கால்தான். அந்த நாற்காலிதான் இன்னொரு கால். அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது, கவுன்ட்டருக்குப் பின்னால் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.